ஸ்பீக்கரில் கேட்ட குரல்

பாடத்தின் பெயர் நிதிச் சந்தைகளும் வங்கி ஒழுங்குமுறையும். எம்.காம். இரண்டாம் ஆண்டு, மதிய ஷிப்ட். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு மூலதன விகிதத்தை விளக்குவதற்குப் பதில் தாலாட்டே பாடிவிடலாம். தாம்பரத்தில் இருக்கும் இந்தக் கல்லூரிக்கு வந்த நாளிலிருந்து நான் அந்தத் தூக்கத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நோட்ஸ் சொல்லி எழுதவைக்கும் ஆசிரியர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஸ்டாஃப் ரூமில் அதை வாய்விட்டுச் சொல்லிச் சிலரைப் பகைத்துக்கொண்டும் இருக்கிறேன். என் வகுப்பில் பிள்ளைகள் பேச வேண்டும், சண்டை போட வேண்டும், மணி அடித்த பிறகும் எழுந்து போக மனசு வரக்கூடாது. அப்படி ஒரு பேராசை. அதில் எனக்குப் பெருமை வேறு.

அந்த வகுப்பில் எனக்குப் பிடித்த மாணவி ஒருத்தி இருந்தாள். பம்மலிலிருந்து வருவாள். அப்பா இல்லை, அம்மா ஒரு தோல் கம்பெனியில் கூலி வேலை. காலையில் குரோம்பேட்டையில் ஏதோ ஆபீசில் டேட்டா என்ட்ரி பார்ப்பதாகவும், அந்தச் சம்பளத்தில்தான் ஃபீஸ் கட்டுவதாகவும் சொல்லியிருந்தாள். ஷேர் ஆட்டோவில் இடிபட்டு, பல நாள் மதியம் சாப்பிடாமலே ஓடி வந்து முதல் பெஞ்சில் உட்காருவாள். தொண்டை எப்போதும் கொஞ்சம் கட்டியே இருக்கும். கேட்டால், "தண்ணி ஒத்துக்கல மேம்" என்பாள். நானும் மிளகுப்பால் குடி என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவேன்.

சேர்ந்த புதிதில் எழுந்து நின்றாலே அவளுக்குப் பேச்சு வராது. நான் விடவில்லை. செமினார் மேல் செமினாராகக் கொடுக்கவைத்தேன். ஒரு வருடத்தில் ஆளே மாறிவிட்டாள். ஒரு கருத்தைச் சொல்லி முடித்துவிட்டு, "அப்படித்தானே?" என்று குரலை லேசாகத் தூக்கி நிறுத்துவாள். எதிரில் இருப்பவன் ஆமாம் என்று தலையாட்டியே தீர வேண்டும். மற்ற ஆசிரியர்களிடம் அவளைப் பற்றிச் சொல்லும்போது ஏதோ நானே பெற்று வளர்த்ததுபோல் அளந்திருக்கிறேன்.

கடைசி செமஸ்டரில் கடன் வசூல் விதிகள் வந்தன. வசூலுக்குப் பேசுகிறவர்கள் எந்த நேரத்தில் கூப்பிடலாம், எப்படிப் பேசக்கூடாது, யாரிடம் பேசக்கூடாது என்பதெல்லாம். புத்தகத்தில் ஒரு பக்கம்தான்; படித்தால் கொட்டாவி வரும். அதனால் முந்தின நாளே கேட்டேன்: "உங்க வீட்ல யாருக்காவது இந்த மாதிரி கால் வந்திருக்கா? ரெக்கார்டிங் இருந்தா கொண்டு வாங்க."

ஒரு மாணவன் கொண்டுவந்தான். அவன் அப்பா திருமுடிவாக்கத்தில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். மெஷினுக்காக ஒரு தனியார் கம்பெனியில் கடன் வாங்கி, தவணை இரண்டு தவறிவிட்டது. "அப்பா காலைலதான் அனுப்பிச்சாரு மேம். நா இன்னும் கேக்கல. கிளாஸ்ல போட்டுக்கச் சொல்லிட்டாரு, நாலு பேருக்குத் தெரியட்டும்னு" என்று சொல்லித் தன் போனை என் கையில் கொடுத்தான். நான் அதை வகுப்பு ஸ்பீக்கரில் இணைத்தேன். பின் பெஞ்சுக்கும் கேட்க வேண்டுமே என்று சத்தத்தைக் கூட்டியும் வைத்தேன்.

ஒரு பெண் குரல். முதலில் ஏதோ ஒரு பெயரைச் சொன்னது. அடுத்து, "மெஷின் வாங்கறப்ப எங்க ஆபீஸ் வாசல்ல வந்து நின்னீங்க. இப்ப போன எடுக்கறதுக்கே உங்களுக்குக் கை வரல. அப்படித்தானே சார்?" என்றது.

கட்டின தொண்டை. தூக்கி நிறுத்தின கடைசிச் சொல். எனக்குச் சுருக்கென்றது. முதல் பெஞ்சைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

என் விரல் போனுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். நெட்வொர்க் சரியில்லை, சார்ஜ் இல்லை என்று ஆயிரம் பொய் சொல்லியிருக்கலாம். பாதியில் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள், அதுவே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். விரலை எடுத்துவிட்டேன்.

"ரெண்டு நாள் டைம் குடும்மா. பார்ட்டி கைல பேமெண்ட் மாட்டிகினு கீது. வந்தவொடனே கட்டிட்றேன்" என்று அந்த மனிதர் கெஞ்சினார்.

"பக்கத்து ஷெட்டுக்காரர் நம்பர் எங்கிட்ட இருக்கு சார். அவர்கிட்ட பேசட்டுமா? பையன் காலேஜ் படிக்கிறான்ல? அவனுக்குத் தெரியுமா, அப்பா ஊரெல்லாம் கடன் வாங்கிட்டு ஓடி ஒளியறாருன்னு? தெரியலன்னா நானே சொல்றேன்."

அந்தப் பையன் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை, கோபத்தில் காது சிவந்திருந்தது. ஆனால் அங்கங்கே தலைகள் முதல் பெஞ்சுப் பக்கம் திரும்பத் தொடங்கின. எப்போதும் தூங்கும் கடைசி வரிசை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஒலிப்பதிவு முடிந்தது. அப்போதாவது பாடத்தை மூடியிருக்கலாம். நான் என்ன செய்தேன்? எழுதி வைத்திருந்த திட்டப்படியே, "இதுல எந்தெந்த விதி மீறப்பட்டிருக்கு, சொல்லுங்க" என்றேன். குரல் எனக்கே யாருடையதோபோல் இருந்தது.

மூன்றாம் மனிதரிடம் சொல்வதாக மிரட்டியது என்றாள் ஒருத்தி. அவமானப்படுத்தும் பேச்சு என்றான் இன்னொருவன். நான் ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதினேன். பலகையைப் பார்த்து நிற்பது வசதியாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து நின்றிருந்தாள்.

"சொந்தப் பேர் சொல்லணும் மேம். சொல்லல."

"முதல்லயே பேர் சொன்னாங்களே" என்று யாரோ கேட்டார்கள்.

"அது அவங்க பேர் இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு யாரும் கை தூக்கவில்லை. லேத் பட்டறைக்காரர் மகன் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினான்.

மணி அடித்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பையன் மட்டும் போகாமல் நின்றான். "நா கேட்டுட்டாவது குடுத்திருக்கணும் மேம். பேஜாராப் போச்சு. அதுக்கு இன்னா கஷ்டமோ" என்றான். தன் அப்பாவை அவ்வளவு பேச்சுப் பேசியவளுக்காக அவன் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

ஊரப்பாக்கத்தில் என் வீட்டுக்கு ரயிலில் போகும்போதே அவளுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் போட்டேன், மறுநாளும் போட்டேன். மெசேஜ் அனுப்பினேன். வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம் என்றால், அவள் அம்மாவுக்கு இந்த வேலை தெரியுமோ தெரியாதோ என்ற பயம். கடனைக் கேட்டு விரட்டுகிறவளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு கட்டத்தில் தோன்றியது, நிறுத்திவிட்டேன். அந்த வாரம் வகுப்பில் புத்தகத்தைப் பார்த்து நோட்ஸ் சொன்னேன். பிள்ளைகள் ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார்கள்.

சில வாரம் கழித்து அவளே ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். டி.சி. வாங்க வந்திருந்தாள். துறையிலிருந்து ஒரு கையெழுத்து வேண்டும் என்றாள். நல்லவேளையாக அறையில் வேறு யாரும் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான இருக்கு. அட்டெண்டன்ஸ நான் பிரின்சிபால்கிட்ட பேசிக்கிறேன். பரீட்சைய மட்டும் எழுதிடும்மா" என்றேன்.

"இல்ல மேம். எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க. அந்தப் பையன்கூட மெசேஜ் போட்டான், அப்பாகிட்ட சொல்லலன்னு. ஆனா இனிமே நான் வாயத் தொறந்தா அவங்களுக்கு அந்தக் குரல்தான கேக்கும்."

"அந்த வேலைய விட்டுடலாமே?"

"விடலாம்னுதான் இருந்தேன் மேம். டிகிரி முடிச்சுட்டு பேங்க் எக்ஸாம் எழுதலாம்னு. இப்ப ஃபுல் டைம் ஆக்கிட்டாங்க. நல்லாப் பேசறேன்னு புதுசா வர்றவங்களுக்கு நான்தான் ட்ரெய்னிங்." அதில் குத்தல் எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

மன்னித்துவிடு என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு சல்லிசான வார்த்தை என்று தெரிந்தது.

"ஒண்ணு கேக்கலாமா மேம்? அது நான்தான்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"முடியறப்பதாம்மா" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

அவள் என்னைப் பொறுமையாகப் பார்த்தாள். "நாளைக்குக் கட்டிடறேன்னு சொல்றவங்க இப்படித்தான் மேம் சொல்வாங்க. நாள் பூரா கேக்கறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் கை வரவில்லை. "ஆரம்பத்துலயே தெரிஞ்சுது" என்றேன்.

"அப்ப ஏன் மேம் நிறுத்தல?"

உன்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் என்று அவளிடமும் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவள் முன்னால் அது செல்லாது என்று தெரிந்துவிட்டது.

"கிளாஸ் நல்லாப் போயிட்டு இருந்துச்சும்மா."

அவள் தலையாட்டினாள். கையெழுத்துக்காகக் காகிதத்தை என் பக்கம் நகர்த்திக்கொண்டே சொன்னாள்:

"எனக்கும் அதே கதைதான் மேம். கால் நல்லாப் போயிட்டு இருந்தா, எதிர்ல அழுதாகூட நிறுத்த வராது."