சூட்டு வால்வும் நான் சொன்ன பொய்யும்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை விட்டவன் நான். அப்படியும் மலாக்காவில் இரண்டு ஒர்க்ஷாப் சொந்தமாக வைத்து நடத்தினேன். இஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டே எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லுவேன். இதையெல்லாம் ஊரே அறியும். ஊர் அறியாத ஒன்றைத்தான் இங்கே, இன்று கையில் ஸ்பேனர் பிடிக்கும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் காலம். காஜா பெராங்கில் நான் வேலை செய்த ஒர்க்ஷாப்பை ராணுவம் எடுத்துக்கொண்டது. எனக்கு வயது இருபத்திரண்டு. என்னோடு வேலை செய்தவர் தங்கவேலு பிள்ளை, பக்கத்திலேயே கம்போங் செட்டியில் வீடு. பெயர் தமிழ், கும்பிடும் சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். அவரை 'அபாங்', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவேன். அவர் மலாயில் சொன்னவற்றை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

எங்களுக்குள் ஜப்பான் மொழி கொஞ்சமாவது தெரிந்தவன் நான் ஒருவன்தான். முப்பது நாற்பது சொல் இருக்கும். அதற்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் மதியம் சார்ஜென்ட் ஒருவன் தன் அதிகாரியின் அமெரிக்கக் காரைக் கொண்டுவந்தான். கொஞ்ச தூரம் ஓடியதும் இழுவை இல்லை, பெட்ரோல் கார்புரேட்டரிலேயே கொதிக்கிறது. பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டேன். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் ஒரு தகடு உண்டு, ஹீட் வால்வு என்போம். இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது மூடிக்கொண்டு, சூட்டுப் புகையைக் கார்புரேட்டருக்கு அடியில் திருப்பிவிடும். இஞ்சின் சூடானதும் தானே திறக்க வேண்டும். பெட்ரோலில் ரப்பரிலிருந்து காய்ச்சிய எண்ணெயைக் கலந்து ஓட்டிய காலம் அது. கரி அப்பி, தகட்டைத் திருப்பும் ஷாஃப்ட் மூடிய நிலையில் இறுகிவிட்டது.

சார்ஜென்டிடம் பத்து நிமிடத்தில் முடியும் என்று ஜப்பான் மொழியில் சொன்னேன். அவன் ஒர்க்ஷாப்பின் முன்பக்கம் போய் உட்கார்ந்தான்.

அபாங் மேனிஃபோல்டுக்கு மேலே கையை நீட்டிப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டார். "யாருடா உன்ன பத்து நிமிஷம்னு சொல்லச் சொன்னது? ஆறட்டும். மண்ணெண்ணெய் விட்டு ஊற வச்சு, மெல்ல ஆட்டி எடுக்கலாம். அப்புறம் திறந்தபடியே கம்பி போட்டுக் கட்டிடு. இந்த ஊர்ல மனுசனே வேகுறான், இஞ்சினுக்குத் தனியா அடுப்பு எதுக்கு?"

"அதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகும் அபாங். ஒரே தட்டு, திறந்துடும் பாருங்க."

"ஜாங்ஙான் லா! வேணாம்டா, வார்ப்பிரும்பு அது. சூட்டுல அடிச்சா போயிடும்."

"நீங்க பயந்துக்கிட்டே சாகப் போறீங்க," என்று சிரித்தேன்.

சுத்தியலால் ஒரு அடி அடித்தேன். அசையவில்லை. இரண்டாவது அடி பலமாக விழுந்தது. ஷாஃப்டைத் தாங்கும் காது 'டக்'கென்று உடைந்து என் காலடியில் விழுந்தது.

சத்தம் கேட்டு சார்ஜென்ட் ஓடி வந்தான். உடைந்த துண்டைப் பார்த்தான். "தாரே?" என்று கத்தினான். யார் செய்தது என்று கேட்கிறான். 'வத்தாஷி' என்றால் நான். முதல் நாளே கற்றுக்கொண்ட சொல். அது வாயில் வரவில்லை.

"அனோ ஹித்தோ," என்றேன். அந்த ஆள். கையும் தானாக நீண்டு, உடைந்த துண்டை எடுக்கக் குனிந்திருந்த அபாங்கைக் காட்டியது; அவர் அதைப் பார்க்கவில்லை.

முதல் அறையிலேயே அபாங் கீழே விழுந்தார். எழுப்பி மறுபடியும் அறைந்தான். பயத்தில் நான் "சுமிமாசேன், சுமிமாசேன்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பிறகு கார் ஜாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வைத்து, பொழுது சாயும்வரை அவரை வெயிலில் நிறுத்தினான். கை இறங்கியபோதெல்லாம் உதைத்தான். அன்று போனது அவருடைய இடது காது. அப்புறம் அதில் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் வீங்கிய முகத்தோடு அவரேதான் வந்து வேலையை முடித்தார். அந்தத் தகட்டையும் ஷாஃப்டையும் கழற்றி எறிந்துவிட்டு, ஓட்டையை போல்ட் போட்டு அடைத்தார். வால்வே இல்லாமல் கார் முன்னைவிட நன்றாக ஓடியது.

கை கழுவும்போது என்னிடம் கேட்டார்: "நேத்து அவன்கிட்ட என்ன சொன்னே?"

இதுதான் நேரம். சொல்லியிருக்கலாம்.

"இரும்பு பழசு, தானா உடைஞ்சுதுன்னு சொன்னேன் அபாங். அவன் கேக்கல."

அவர் என் தோளைப் பிடித்தார். "நீ கெஞ்சினது காதுல விழுந்துச்சு. கடைசியா அந்தக் காதுல விழுந்தது அதான் போல," என்று சிரித்துவிட்டு, "தெரிமா காசே, டிக்," என்றார். நன்றி தம்பி என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு கம்போங் செட்டியில் எனக்குத் தனி மரியாதை. கோயில் திருவிழா என்றால் ஆள் விட்டுக் கூப்பிடுவார்கள், முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். பல வருடம் கழித்து அபாங் இறந்தார். அவர் மகன் என் கையைப் பிடித்து வந்தவர்களிடம் காட்டி, "அப்பாவுக்காக ஜப்பான்காரன்கிட்ட வாயத் திறந்த ஒரே ஆளு இவருதான்," என்று அழுதான். பாடைக்குத் தோள் கொடுக்கச் சொன்னான். கொடுத்தேன்.

பிள்ளைகளே, சூட்டில் இருக்கும் வார்ப்பிரும்பை அடிக்காதீர்கள். அடித்து உடைத்துவிட்டால், யார் என்று கேட்கும்போதே நான் என்று சொல்லிவிடுங்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தால், நாளைக்கு ஒருவர் வந்து உங்களுக்கு நன்றி சொல்லிவிடுவார். அதை வாங்கிக்கொண்ட பிறகு என் வாய் திறக்கவே இல்லை.

இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன். அபாங்கின் மகனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று கேட்டால், எழுதியிருக்க மாட்டேன்.