ஒக்டோபரில் பிந்தி அடிக்கும் மணி

இத்தாலியில் எங்கள் மாதா கோயிலின் மணி உண்மையான மணி அல்ல. பீடத்துக்குப் பின்னாலுள்ள அறையில் ஒரு பழைய கம்பியூட்டர் இருக்கிறது. அதுதான் நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் மணிச்சத்தத்தைப் போடும். காலையில் போட்டால் பக்கத்து வீட்டுச் சிஞ்ஞோரா அம்மாமார் சண்டைக்கு வருவார்கள் என்பதால், ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்கு, எங்கள் தமிழ்ப் பூசைக்கு மட்டும் அடிக்கும். கிழமை நாட்களில் பொலிதேயாமாப் பக்கம் வீடு துடைக்கிற என்னிடம்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் திறப்பு; கதவைத் திறப்பதும் பூட்டுவதும் நான்தான்.

அந்தக் கம்பியூட்டர் வாங்கிய காலத்தில் இத்தாலியில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைக்கிற கோடைநேரம் செப்டெம்பர் கடைசியில் முடியுமாம். பிறகு அதை ஒக்டோபர் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். கம்பியூட்டருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால் ஒக்டோபர் முழுக்க அது ஒரு மணித்தியாலம் பின்னால் நிற்கும். நான்கு மணிக்கு அடிக்க வேண்டியதை ஐந்துக்கு அடிக்கும்.

எங்கள் ஆட்களும் ஐந்துக்குத்தான் வருவார்கள், வருடம் முழுக்க. பூசை வைக்கிற எங்கள் இத்தாலியச் சுவாமி வயதானவர். மத்தியானம் சாப்பிட்டு மேல்மாடியில் படுத்தால் அந்த மணிக்குத்தான் எழும்புவார். மற்ற மாதங்களில் நான்குக்கு இறங்கி வந்து ஒருவரும் உட்காராத வெறும் வாங்குகளைப் பார்த்துக் கொதிப்பார். ஒக்டோபரில் ஐந்துக்கு இறங்கி வரக் கோயில் நிறைந்திருக்கும். "செபமாலை மாதத்தில் மாதா உங்களைத் திருத்திவிடுகிறா," என்று கண் கலங்குவார். நான் வாயைத் திறந்ததில்லை. எனக்கு எந்த மாதத்திலும் வாய் திறப்பது கஷ்டம்.

போன செப்டெம்பரில் சுவாமி முடிவாகச் சொன்னார். ஓர் இத்தாலியப் பாடகர் குழு அந்த நேரத்தைக் கேட்கிறதாம். ஒக்டோபர் முதல் ஞாயிறு நாங்கள் நேரத்துக்கு வந்தால் எங்களுக்கு, இல்லாவிட்டால் அவர்களுக்கு. வேலைவீடுகளில் ஞாயிறு பின்னேரம் மட்டும் லீவு கிடைக்கிற எங்களுக்கு வேறு நேரம் கிடையாது. ஆனாலும் நான் கவலைப்படவில்லை. ஒக்டோபர்தானே.

அந்தக் கிழமையே, வியா மக்வேதா தெருவில் போன் திருத்துகிற அண்ணை சிரித்த முகத்தோடு வந்து நின்றார்.

"தங்கச்சி, உந்தக் கம்பியூட்டருக்கு அப்டேட் போட்டாச்சு. இனி ஒக்டோபரிலை பிழைக்காது."

"ஐயோ அண்ணை, நவம்பரிலை போட்டிருக்கலாமே?"

"நவம்பரிலை ஏன்? அப்ப அது தானாச் சரியாயிடுமே!"

இனி ஒக்டோபரிலும் மணி நான்குக்கு அடிக்கும்; எங்கள் ஆட்கள் ஐந்துக்கு வருவார்கள்.

செப்டெம்பர் கடைசி ஞாயிறு, பூசை முடிய, வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைப் பிடித்தேன். "வாற ஞாயிறு பூசை மூண்டு மணிக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். வாசலில் ஒரு அக்கா மறித்தா.

"ஏனடி மூண்டு?"

நான் முழிக்க, பக்கத்தில் நின்றவா, "நேரம் மாறுதெல்லே, அதுதான்," என்றா. எல்லோரும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள்.

ஒக்டோபர் முதல் ஞாயிறு மூன்று மணிக்கு ஒரேயொருவர் வந்தார். போன் அண்ணை. கோயில் வெறுமை. மணியும் அடிக்கவில்லை. அவர் முகம் கறுத்துவிட்டது.

"என்ரை அப்டேட் பிழைச்சுப்போச்சுது போலை," என்று நேரே உள்ளே போய்க் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். "மணியை ஒருக்கா அடிச்சுப் பாப்பம்."

அடித்தால் மேலே சுவாமி எழும்புவார். கீழே இருப்பது நாங்கள் இரண்டு பேர்.

"தொடாதேங்கோ!"

கத்தியது நான்தான் என்று எனக்கே பிறகுதான் விளங்கியது. "கம்பியூட்டர் சரி அண்ணை. பூசை நாலுக்குத்தான். ஆக்கள் நாலுக்கு வரோணுமெண்டுதான் மூண்டெண்டு சொன்னனான்."

அவர் கம்பியூட்டரிலிருந்து கையை எடுத்தார். "அப்ப எனக்கெண்டாலும் உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்ன நேரத்துக்கு வாற ஒராள் எங்களுக்குள்ளை இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

நான்கு ஆகப்போகிற நேரம், பிரான்காச்சோவிலிருந்து வந்த பஸ்ஸால் இறங்கிய கூட்டம் மூச்சு வாங்க ஓடி வந்தது. "குறை நினையாதை பிள்ளை, பிந்திப்போச்சுது." மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். மணி அடித்தது. சுவாமி இறங்கி வரும்போது வாங்குகளில் இடமில்லை. பூசை முடிய, பாடகர் குழுவுக்கு வியாழக்கிழமை கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"வாற கிழமை எத்தனை மணிக்கு?" என்று வாசலில் போன் அண்ணை கேட்டார்.

"மூண்டு," என்றேன், எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக.

அடுத்த ஞாயிறு அவர் நான்கு பத்துக்கு வந்தார்.