குட்டித் துறவியின் இடுப்புக் கயிறு

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மனித எலும்புக்கூட்டைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இது யார் என்று யாரையாவது கேட்டீர்களா? இல்லை, பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையை வாசித்துத் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போனீர்களா?

நான் தலையாட்டியவன். இருபது வருடம் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய், அவர்களையும் தலையாட்ட வைத்தவன்.

எங்கள் ஸ்கார்விக் அருங்காட்சியகம் ஒரு காலத்தில் பிரான்சிஸ்கன் மடம். ஊர் கத்தோலிக்கத்தை விட்டு லூத்தர் பக்கம் சாய்ந்தபோது துறவிகளை விரட்டினார்கள். கட்டடம் தானியக் கிடங்கானது, குதிரை லாயமானது, கடைசியில் ஏழைகள் விடுதியானது. 1912இல் விடுதியை மூடினார்கள். இருபது வருடம் கழித்துச் சுவருக்கு வெள்ளையடித்து, நுழைவுச்சீட்டு அச்சடித்து, அருங்காட்சியகம் ஆக்கினார்கள். அப்போது உள்முற்றத்தைத் தோண்டியதில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. இடுப்பில் மூன்று முடிச்சுப் போட்ட கயிறு. பிரான்சிஸ்கன் துறவிகள் அப்படித்தான் கட்டுவார்கள். வறுமை, பிரம்மச்சரியம், கீழ்ப்படிதல் என்று விரதத்துக்கு ஒரு முடிச்சு. உருவம் சின்னது என்பதால் ‘குட்டித் துறவி’ என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பேக்கரியில் அந்தப் பெயரில் பிஸ்கட்கூட உண்டு.

டாக்னி புண்ட்கார் அங்கே பதினோரு வருடம் துப்புரவு வேலை பார்த்தார். கப்பலுக்குப் பாய்க்கயிறு கட்டும் தொழிலாளியின் விதவை. வியாழக்கிழமை காலையில் குட்டித் துறவியின் கண்ணாடியைத் துடைப்பார். “என்ன தம்பி, இன்னும் எழுந்திரிக்க மனசில்லையா? ஊரே வேலைக்குப் போயாச்சு” என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். காவலாளிகள் சிரிப்பார்கள்.

சென்ற வசந்தத்தில் அந்தக் கண்ணாடி விரிசல் விட்டது. புதுக் கண்ணாடி வரும்வரை பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் தட்டச் சொன்னார் காப்பாளர் யூல். டாக்னி குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

தார் வாசனை.

முப்பது வருடம் கணவரின் சட்டையிலிருந்து அவர் துவைத்துத் துவைத்தும் போகாத வாசனை அது. வெறுங்காலோடு பிச்சை எடுத்துத் திரிந்த துறவி, தார் ஊறிய கப்பல் கயிற்றை இடுப்பில் கட்டுவானா?

டாக்னியின் அம்மா போடில், அந்தக் கட்டடம் ஏழைகள் விடுதியாக இருந்தபோது அங்கே வளர்ந்தவர். பழைய கப்பல் கயிறுகளை விரல் நகத்தால் நார் நாராகப் பிரிப்பதுதான் அங்கே பிள்ளைகளுக்கும் வேலை. தப்பி ஓடிப் பிடிபட்டால் அந்தக் கயிற்றில் ஒரு துண்டை இடுப்பில் கட்டிவிடுவார்கள். ஒரு முறை ஓடினால் ஒரு முடிச்சு. போடிலின் அக்கா அபெலோனுக்கு மூன்று முடிச்சு. மூன்றாவது முறை பிடிபட்டபோது பிப்ரவரிக் குளிரில் தனியறையில் பூட்டினார்கள். மறுநாள், “உங்கக்கா கோபன்ஹேகனுக்கு வேலைக்குப் போயிட்டா” என்றார்கள். பன்னிரண்டு வயதுப் போடில் கடிதத்துக்குக் காத்திருக்கத் தொடங்கினார். எண்பத்து மூன்று வயதில் சாகும்வரை காத்திருந்தார்.

அருங்காட்சியகத்துக்குள் மட்டும் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை. “உனக்குச் சம்பளம் வேணும்னா போடி. அந்த வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன். உள்ள என்ன இருக்குன்னு எங்கிட்ட சொல்லவும் சொல்லாத” என்பாராம். ஒரே ஒரு முறை வந்திருந்தால், அந்தக் கயிற்றைப் பார்த்த நொடியில் அடையாளம் கண்டிருப்பார்.

டாக்னி தூரிகையோடு யூலின் அறைக்குப் போனார்.

“சார், அது துறவி இல்ல. எங்க பெரியம்மா.”

யூல் சிரித்தார். “காலங்காத்தால நல்லா தமாஷ் பண்றீங்க டாக்னிம்மா. மூணு முடிச்சு, மூணு விரதம். இது ஸ்கூல் பசங்களுக்கே தெரியும்.”

“அந்தப் பசங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது? நீங்கதானே! டாக்டரம்மாவ வரச் சொல்லுங்க. இடுப்பெலும்பப் பாக்கட்டும்.”

ஊர் டாக்டர் ரிக்மோர் வந்தபோது, வகுப்போடு போயிருந்த நானும் அங்கே இருந்தேன். டாக்டர் கையுறை மாட்டி இரண்டு நிமிடம் குனிந்து பார்த்தார்.

“யூல், உங்க துறவி ஒரு பொண்ணு. பதினாறு, பதினேழு வயசு இருக்கும். நாப்பது வருஷமா இந்த ஊருல ஒரு டாக்டரும் இதக் குனிஞ்சு பாக்கலயா? நானும்தான்.”

டாக்னி மெதுவாகச் சொன்னார்: “தம்பி தம்பின்னு கூப்பிட்டேனே. கேலி பண்ணேனே.”

விடுதியின் பதிவேடு அருங்காட்சியகத்தின் பரணிலேயே கிடந்தது. ரிக்மோர் விடாமல் தேடி எடுத்தார். 1901, பிப்ரவரி. “அபெலோன், வயது 17. மூன்றாம் ஓட்டம், மூன்றாம் முடிச்சு. அறையில் இறந்தாள். உள்முற்றம், வடக்குச் சுவரோரம்.” 1932இல் தோண்டிய இடமும் வடக்குச் சுவரோரம்தான்.

முப்பத்தோரு வருடம்! ஐந்நூறு வருடத்துத் துறவி என்று அட்டை எழுதியவர்கள், அந்த விடுதியின் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்தவர்கள். அவர்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என்னை இன்னும் நடுங்க வைக்கிறது. முடிச்சைக் கண்டதும் அவர்களுக்குப் புனிதம் ஞாபகம் வந்தது. தண்டனை ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பட்டினியை ஒருவன் விரும்பி ஏற்றால் அவனுக்கு மண்டபம் கட்டுகிறோம். அதே பட்டினியிலிருந்து ஒருத்தி ஓடினால் கயிறு கட்டுகிறோம். பிறகு அந்தக் கயிற்றைக் காட்டிப் பிள்ளைகளுக்குக் கீழ்ப்படிதல் கற்றுக்கொடுக்கிறோம். கற்றுக்கொடுத்தவன் நான்.

டாக்னி கேட்டது ஒன்றுதான். கயிற்றை அவிழ்த்துவிட்டு, பெரியம்மாவை அம்மாவின் பக்கத்தில், பெயரோடு புதைக்க வேண்டும். நிர்வாகக் குழு கூடியது. பழைய அட்டை போய்ப் புது அட்டை வந்தது: ‘அடையாளம் தெரியாத பெண். காலம் உறுதியாகவில்லை.’ கயிறு அப்படியே இருக்கிறது. பிஸ்கட்டும் விற்கிறது.

“ஒரு பதிவ மட்டும் வெச்சுப் பேர் எழுத முடியாதும்மா,” என்றார் யூல். “அதோட, உங்களத் தவிர யாரு கேட்டா? பார்வையாளர் புத்தகத்தப் புரட்டிப் பாருங்க. ஒருத்தராவது எழுதியிருக்காங்களா?”

டாக்னி துடைப்பத்தை அங்கேயே சாத்திவிட்டு வேலையை விட்டார். இப்போது வியாழக்கிழமைதோறும் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு வருகிறார். பெட்டிமுன் நின்று, “வந்துட்டேன் பெரியம்மா” என்கிறார். பிறகு பார்வையாளர் புத்தகத்தில் எழுதுகிறார்: “இவள் பெயர் அபெலோன். கயிற்றை அவிழ்த்து என் அம்மா பக்கத்தில் புதையுங்கள்.”

போன வாரம் யூல் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று சொன்னாராம்: “நாப்பது தடவ எழுதினாலும் நீங்க ஒரே ஆள்தான் டாக்னிம்மா.”

அந்த ஒரு விஷயத்தில் யூல் சொல்வது சரி. நாற்பத்தோராவது வரிக்குக் கீழே என் வரி இருக்கிறது. அதற்குக் கீழே ரிக்மோரின் வரி. மூன்று பேர் போதாது. புத்தகம் வாசலுக்கு இடப்பக்கம், சன்னலோர மேசைமேல் இருக்கிறது. வாருங்கள். வர முடியாதவர்கள் தபால் அட்டை போடுங்கள், ஒட்டிக்கொள்கிறோம். எதுவும் விளக்க வேண்டாம். அவள் பெயரை எழுதுங்கள், கீழே உங்கள் பெயரை எழுதுங்கள்.