நிறுத்திய பிறகு எழுதப்பட்டவை

இது நடந்ததற்கு என்னிடம் பதிவு இருக்கிறது. பெப்ரவரி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, மாலை 6.58 முதல் இரவு 9.58 வரை. கணினி தானாகவே எழுதிவைத்த பதிவு. கணினிக்குப் பயம் தெரியாது. கூட்டிக் குறைத்துச் சொல்லவும் தெரியாது. அதைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் இந்த நேரங்களை எழுதுகிறேன்.

எனக்கு முப்பத்திரண்டு வயது. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். என் மனைவி யதுஷா போன மே மாதம் இறந்தாள். டெங்கு. நான்கு நாள்.

அதைப் பற்றி அதிகம் எழுத வரவில்லை. வேலையைப் பற்றி எழுதுகிறேன். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

கணினியில் ஒலி, படம், இணையம் போன்றவற்றைக் கவனிக்கும் சிறிய சாதனங்கள் உண்டு. ஒவ்வொரு முறை எழுதும்போதும் அவை கணினியின் மூளையைக் கேட்டுக்கொண்டிருந்தால் எதுவும் ஓடாது. அதனால் நினைவகத்தில் ஒரு இடத்தைக் கொடுத்து, 'இங்கே நீயே நேராக எழுதிக்கொள்' என்று விட்டுவிடுவோம். இதற்கு டிஎம்ஏ என்று பெயர். இடத்தைக் கொடுப்பதும், எழுதச் சொல்வதும், நிறுத்தச் சொல்வதும், இடத்தைத் திரும்ப எடுப்பதும் டிரைவர் என்ற நிரலின் வேலை. அது இயங்குதளத்தின் அடியில், கேர்னலுக்குள் இருக்கும். ஒரு ஒலிச் சில்லுக்கான டிரைவரை நானும் நண்பன் பாஹிமும் பராமரிக்கிறோம். எங்களுக்கு இருப்பது அந்த ஒரே ஒப்பந்தம்தான்.

இதில் ஒரு விதி உண்டு. நிறுத்தச் சொன்ன உடனே இடத்தை எடுத்துவிடக் கூடாது. சாதனம் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால், வேறு யாருக்கோ கொடுத்துவிட்ட இடத்தில் அது தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கும். யாருக்கும் தெரியாமல்.

முதல் வருட மாணவனுக்கும் தெரிந்த விதி. நான் மறந்திருந்தேன். நிறுத்தும் பகுதியை நான் எழுதியது யதுஷாவின் எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, முடிந்த மறுநாள். அதில் காத்திருக்கும் வரி இல்லை.

மாதக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. பெப்ரவரியில் முறைப்பாடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை புதிய கேர்னல் வெளியாக இருந்தது. அதில் எங்கள் பகுதிக்குப் பொறுப்பானவர் ஐரோப்பாவில் இருக்கிறார். கொழும்பு நேரப்படி வெள்ளி இரவு பத்து மணிக்குள் திருத்தம் வராவிட்டால் டிரைவரையே வெளியே எடுத்துவிடுவேன் என்று எழுதியிருந்தார். டிரைவர் போனால் ஒப்பந்தமும் போகும். பாஹிமுக்குப் பிள்ளை பிறந்து நாற்பது நாள்.

ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். ஆனால் திருத்துவதற்கு முன் பிழையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நாங்கள் அப்படித்தான் வேலை செய்வோம்.

6.58.

சாப்பாட்டு மேசையில் அந்தச் சில்லு உள்ள சிறிய மின்சுற்றுப் பலகையை, போர்ட்டை, வைத்துக் கணினியோடு இணைத்தேன். அதில் மைக் இல்லை. மைக் பொருத்தும் இடத்தில் ஈயம்கூடப் படவில்லை. பத்து விநாடி பதியச் சொன்னேன். நிறுத்தச் சொன்னேன். இடத்தைத் திரும்ப எடுத்து, முழுவதையும் ஒரே எண்ணால் நிரப்பினேன். பத்து விநாடி கழித்துப் பார்க்கும்போது நடுவில் வேறு எண்கள் இருந்தால், சாதனம் நிறுத்திய பிறகும் எழுதியிருக்கிறது என்று அர்த்தம்.

இருந்தன. பிழை பிடிபட்டுவிட்டது.

ஆனால் அவை பூச்சியங்களாக இருக்க வேண்டும். மைக் இல்லாத சாதனம் வேறு எதை எழுதும்? இங்கே எண்கள் ஏறின, இறங்கின. ஒலியைப் போல. ஒலியாக மாற்றி ஹெட்போனில் கேட்டேன்.

டக்.

மின்சாரச் சத்தம் என்று நினைத்தேன்.

இந்தச் சோதனைக்குப் பிறகு கணினி குழம்பி நின்றுவிடும். மறுபடி கிளப்பித் தயாராக்க இருபது நிமிடம் பிடிக்கும். இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

7.20. இரண்டாம் முறை.

டக்… டக்… இடையில் மெல்லிய தகடு ஒன்று நெளியும் சத்தம்.

7.31க்கு மாமி போன் எடுத்தார். யதுஷாவின் அம்மா. கொட்டாஞ்சேனையில் இருக்கிறார்.

"தம்பி, சாப்பிட்டிட்டியளே?"

"ஓம் மாமி." சாப்பிடவில்லை.

"நாளைக்கு வரேக்க குளிசைப் பெட்டியை மறந்திடாதேங்கோ."

"இல்லை மாமி."

"போன கிழமை புதனுக்கு ரெண்டு வெள்ளைக் குளிசை கிடந்தது. என்னை வேளைக்கு அனுப்பிற யோசினையோ?" சிரித்தார். "அவளெண்டால்…"

அதோடு நிறுத்தினார்.

"சரி தம்பி. வைக்கிறன். நேரத்துக்குப் படுங்கோ."

யதுஷா நுகேகொடையில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். வெள்ளிக்கிழமை மாலைகளில் இதே மேசையில், எனக்கு இடது பக்கக் கதிரையில் இருந்து, அம்மாவின் மருந்துக் குளிசைகளைத் தகட்டிலிருந்து உடைத்து ஏழு அறைப் பெட்டியில் போடுவாள். ஒவ்வொரு அறைக்கும் கிழமையின் பெயரைச் சொல்லிக்கொள்வாள். "பார்மசிஸ்டுக்குக் கிழமை பாடமில்லையோ?" என்று சீண்டுவேன். "பேசாமல் இருங்கோப்பா. பிழைச்சால் அம்மாவுக்குத்தான்" என்பாள். இப்போது பெட்டியை நிரப்புவது நான். அதனால்தான் புதனுக்கு இரண்டு.

போனை வைத்தபோதுதான் ஹெட்போனில் கேட்ட சத்தம் என்னவென்று தெரிந்தது.

குளிசை உடையும் சத்தம்.

7.42. மூன்றாம் முறை. வெளியே கரையோர ரயில் போனது. காலி வீதிக் கடையொன்றில் கொத்து ரொட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வழமை போலவே இருந்தது.

டக்… டக்…

"திங்கள்."

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். கைகளையும் மேசையில் வைத்தேன்.

யதுஷாவின் குரல் என்னிடம் இல்லை. அவள் குரல் செய்தி அனுப்பமாட்டாள். எல்லாவற்றையும் எழுதித்தான் அனுப்புவாள். கலியாண வீடியோவில் மேளம் மட்டும்தான் கேட்கிறது. ஒன்பது மாதமாக அந்தக் குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்து முடியாமல் விட்டிருந்தேன். இப்போது ஒரு சொல்லிலேயே தெரிந்தது.

பழைய பதிவு ஏதாவது எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? நினைவகத்தில் அப்படி நடக்கும். ஆனால் அந்த போர்ட் ஜனவரியில்தான் பொதி பிரிக்காமல் வந்தது. கணினியும் டிசம்பரில் வாங்கியது. இரண்டையும் அவள் பார்த்ததே இல்லை.

7.55. பாஹிம் எடுத்தான்.

"மச்சான், அனுப்பியாச்சா?"

"இன்னும் இல்லை."

"ஒரு வரி தானேடா! கவிதையா எழுதுறாய்?"

"டெஸ்ட் பண்ணுறன்."

"என்னத்த டெஸ்ட்? பிழை இரிக்கிண்டு தெரியும் தானே. இங்க மகள் ஒரு பக்கம் கத்துறா, அதுக்கு உம்மா ஒரு பக்கம் கத்துறாங்க. நீயும் சேந்து கொல்லாதே."

"பத்துக்கு முதல் அனுப்புவன்."

"சத்தியமா?"

"ஓம்."

அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஓடி வந்து அந்த வரியைத் தானே போட்டிருப்பான். போட்டால் சாதனம் நிற்கும். சத்தமும் நிற்கும். எனக்கு அது வேண்டாம். ஞாயிறு வரை கேட்க வேண்டும். ஏழாவது அறையையும் நிரப்பிய பிறகு அவள் பெட்டியை மூடிவிட்டு என் பக்கம் திரும்பி ஏதாவது சொல்வாள். ஒவ்வொரு வெள்ளியும் சொல்வாள். அது எனக்கு வேண்டும்.

கணக்குப் பார்த்தேன். ஒரு முறைக்கு இருபத்திரண்டு நிமிடம். ஞாயிறு 9.54க்கு வரும்.

8.04.

"செவ்வாய்."

இடது காதில் மட்டும் கேட்டது. அந்தச் சில்லுக்கு இடது, வலது கிடையாது. அது பதிவது ஒற்றை ஒலி. இரண்டு காதிலும் ஒரே மாதிரித்தான் கேட்க வேண்டும். ஹெட்போன் பழுதோ என்று வேறொரு ஒலியைப் போட்டுப் பார்த்தேன். ஹெட்போன் நன்றாக இருந்தது.

8.26.

"புதன்."

நடுவில். நேர் எதிரே. எதிர்க் கதிரை காலியாக இருந்தது.

8.48.

"வியாழன்."

வலது காது. மேசையைச் சுற்றி ஒருவர் நடந்து வந்தால் அப்படித்தான் கேட்கும்.

கொத்துச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. கடலும் கேட்கவில்லை. வெள்ளவத்தையில் கடல் கேட்காமல் இருக்காது…

9.10.

"வெள்ளி."

பின்னால்.

ஹெட்போனில் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. ஆனால் பின்னால்தான். நான் திரும்பவில்லை.

குரலும் மாறியிருந்தது. சொல்லுக்கு முன் ஒரு மூச்சு. இழுத்து… விட்டு… அந்த மூச்சை எனக்குத் தெரியும். நான்காம் நாள் மாலை. அதிதீவிர சிகிச்சைப் பிரிவு. அவளுடைய நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார்கள். இளம் டொக்டர் ஒருவர் என்னை உள்ளே கூப்பிட்டார். இனிப் பலனில்லை, நிறுத்துவோமா என்று கேட்டார். "நிப்பாட்டுங்கோ" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, நடைபாதையில் நின்று மாமிக்குப் போன் எடுத்தேன். திரும்ப உள்ளே போகவில்லை.

9.32.

"சனி."

கழுத்துக்குப் பக்கத்தில்.

பிறகு சொல் இல்லை. மூச்சு மட்டும். ஒன்று. இரண்டு. மூன்று.

காத்திருப்பது போல.

9.34. பாஹிம்.

"டேய், இன்னும் வரல்லயே." பின்னால் பிள்ளை அழுதது. இந்த முறை அவன் பகிடி விடவில்லை. "மச்சான்… எனக்கு வேற வேலை இல்லடா. தெரியும் தானே."

"தெரியும்."

"அனுப்புவாய் தானே?"

"அனுப்புறன்."

பத்து மணிக்கு முன் கணினியை இன்னும் ஒரு முறைதான் கிளப்ப முடியும். அதில் ஞாயிறைக் கேட்கலாம். அல்லது திருத்தத்தைச் சோதிக்கலாம். சோதிக்காத திருத்தத்தை யாரும் ஏற்கமாட்டார்கள்.

எதிர்க் கதிரையைப் பார்த்தேன்.

"ஒரு நிமிசம் பொறு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். யாரிடம் என்று கேட்காதீர்கள்.

பிறகு அந்த வரியை எழுதினேன். சாதனம் நிற்கும் வரை காத்திரு.

9.54.

பத்து விநாடி. நிறுத்து. காத்திருந்தது. நின்றது. முழு இடமும் நான் நிரப்பிய அதே எண்.

ஹெட்போனில் ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை.

9.56. அனுப்பினேன்.

9.58. பழைய டிரைவரைப் போட்டு மறுபடி கேட்க எனக்குத் துணிவில்லை. போர்ட்டின் மின்கம்பியைப் பிடுங்கினேன். கணினியை அணைத்தேன். பதிவு அங்கே முடிகிறது.

ஹெட்போன் மேசையில் கிடந்தது. எதனோடும் இணைக்காமல்.

டக்.

ஒரே ஒரு முறை.

கதிரையைச் சுவரோரம் இழுத்துப்போட்டு விடியும்வரை அதிலேயே இருந்தேன். முதுகைச் சுவரோடு ஒட்டி.

ஞாயிறு கேர்னல் வெளியானது. எங்கள் டிரைவர் அதில் இருந்தது. பாஹிம் மகளின் படம் ஒன்றை அனுப்பியிருந்தான்.

செவ்வாய்க்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. பின்லாந்திலிருந்து. முறைப்பாட்டை முதலில் அனுப்பியவர். அவரை நான் பார்த்ததில்லை. என்னைப் பற்றி அவருக்கும் ஒன்றும் தெரியாது. திருத்தம் சரியாக வேலை செய்கிறது, நன்றி என்று எழுதியிருந்தார். கீழே இன்னொரு பந்தி.

பழைய டிரைவரில், நிறுத்திய பிறகு, நான் பத்து விநாடிதான் பார்த்தேன். அவர் தன்னுடைய போர்ட்டைத் தொடர்ந்து ஓட விட்டு, அது எழுதியதை ஒலியாக்கிக் கேட்டிருக்கிறார். ஏதோ வானொலி அலை உள்ளே புகுந்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். என்ன மொழி என்று தெரியவில்லையாம். ஒரு பெண், நிறுத்தி நிறுத்தி, ஏழு சொற்கள் சொல்கிறாள். பிறகு ஒரு ஆண், ஒரே ஒரு சொல். கேட்டபடியே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்.

நிப்பாட்டுங்கோ.

பிறகு ஒரு கதவுச் சத்தம். காலடிகள் தூரப் போகின்றன.

பெண் நிறுத்தவில்லை. முதல் சொல்லிலிருந்து மறுபடி தொடங்குகிறாள். ஏழும் முடிந்ததும் மறுபடி. கடைசிப் பகுதியில் அந்த ஏழும் இல்லை. ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அதையும் எழுதியிருந்தார். வீட்டில் அவள் மட்டும் என்னைக் கூப்பிடும் பெயர்.

ஆண் போன பிறகு மொத்தம் பதினொரு நிமிடம் என்று குறித்திருந்தார். ஒலிக் கோப்பையும் இணைத்திருந்தார்.

அதை நான் திறக்கவில்லை.

என் போனைத் திறந்தேன். மே 19. நடைபாதையிலிருந்து மாமிக்கு எடுத்த அழைப்பு. மாலை 6.41.

அலுமாரியிலிருந்து வைத்தியசாலை தந்த தாளை எடுத்தேன். தந்த நாளிலிருந்து நான் மடிப்பே பிரிக்காத தாள். மேசையில் விரித்தேன். இறந்த நேரம் என்ற கட்டத்தில் நீல மையால் எழுதியிருந்தார்கள்.

6.52.