இரண்டு கேரம் போர்டும் ஒரு ஜன்னலும்

கணக்கு டீச்சர்கள் செய்கிற திருட்டு ஒன்று உண்டு. நானும் வருஷக்கணக்கில் கூச்சமே இல்லாமல் செய்தேன். விளையாட்டு பீரியடை எடுத்துக்கொள்வதுதான் அது. "போர்ஷன் முடியல சார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பி.டி. சார் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த பள்ளியில் நேர அட்டவணை போடுவதும் என் தலையில்தான் விழுந்திருந்தது. பெரிய சார்ட் தாளில் எல்லாப் பாடங்களையும் மையில் எழுதுவேன். பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடை மட்டும் பென்சிலில் எழுதுவேன். எப்படியும் அழிக்கத்தானே போகிறோம், மையை ஏன் வீணாக்க வேண்டும் என்பது என் கெட்டிக்காரத்தனம். அந்தத் தாள் ஆசிரியர் அறைச் சுவரில் வருஷம் முழுக்கத் தொங்கும். பி.டி. சார் அதைப் பார்த்திருப்பாரே என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

வளவனூர்ப் பக்கத்துக்காரர் அவர். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அதில் கரும்பு. வேலைக்காகத் திண்டிவனத்தில் வாடகைக்கு இருந்தார். அதிகம் பேச மாட்டார். ஆசிரியர்கள் கூட்டத்தில் அவர் பேச்சு எடுபடாது. எடுபடாது என்று தெரிந்தும் மூன்று வருஷம் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று ஒரே விஷயத்தைக் கேட்டார். கேரம் போர்டு வேண்டும், பெண் பிள்ளைகள் நன்றாக ஆடுகிறார்கள், இருக்கிற போர்டு நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது என்பார். நிதி இல்லை என்று தலைமையாசிரியர் சொல்வார். நாங்கள் பேனாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவோம்.

கடைசியில் அவரே நிலக்கடலை மொத்த வியாபாரம் நடக்கிற மல்லாட்டை மண்டிகளுக்குப் போனார். பிள்ளைகள் விழுப்புரத்தில் மாவட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்த சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, சாயங்காலங்களில் மண்டி மண்டியாக ஏறி இறங்கினாராம். ஒரு மண்டிக்காரர் மனமிரங்கி இரண்டு போர்டு வாங்கிக் கொடுத்தார். நல்ல கனமான போர்டுகள். பள்ளிக்கு வந்த அன்று வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் மதியம் நான் தெரியாமல் என் டிபன் கேரியரை அதில் ஒன்றின் மேல் வைத்துவிட்டேன். அவர் வந்தார். கேரியரை எடுத்துப் பக்கத்து பெஞ்சில் வைத்தார், தோளில் கிடந்த துண்டால் போர்டைத் துடைத்தார், போய்விட்டார். அதற்கே எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு பலகைக்கு இத்தனை ரோஷமா என்று இரண்டு நாள் அவருடன் பேசவில்லை.

தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அந்தக் கோடையில் எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம் போட்டார்கள். எந்த மாவட்டத்துப் பிள்ளைகளோ எழுதிய தாள்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. பெயர் இல்லை, ஊர் இல்லை, எண் மட்டும்தான். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் ஆசிரியர்கள் வந்து, மின்விசிறி ஓடுகிற அறைக்குப் போட்டி போட்டு, நாள் முழுக்கத் திருத்துவார்கள். பி.டி. ஆசிரியருக்குத் திருத்தத் தாள் கிடையாது. அதனால் கட்டு தூக்குவது, தண்ணீர்ப் பானை நிரப்புவது, டீ சொல்வது எல்லாம் அவர் வேலை. அவரும் முணுமுணுக்காமல் செய்தார்.

சாயங்காலம் ஆனால் எல்லாக் கட்டுகளையும் ஒரு அறைக்குள் அடுக்கிப் பூட்டுவார்கள். பூட்டைச் சுற்றித் தாள் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு, மேலே அரக்கு வைத்து முத்திரை குத்துவார் முகாம் அலுவலர். மறுநாள் காலையில் அவர் வந்து உடைக்கிற வரை அந்த அரக்கில் யாருடைய நகமும் படக்கூடாது. பட்டால் சஸ்பென்ஷன்தான், கேள்வியே கிடையாது. முதல் நாளே எங்களை வரிசையாக நிற்க வைத்து அதைச் சொல்லியிருந்தார். அவர் விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். மற்ற வகுப்பறைச் சாவிகளையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் சாயங்காலம் அவர் பஸ் ஏறி அரை மணி நேரம் இருக்கும். மயிலம் பக்கம் வானம் கறுத்தது. மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்க நான் அலுவலகத்தில் தங்கியிருந்தேன். பி.டி. சார் டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் கேட்டருகே இருந்தார். முதலில் புழுதி, பிறகு காற்று, அதற்குப் பிறகு நான் பார்த்தே இராத வேகத்தில் கோடை மழை. மடார் என்று ஒரு சத்தம். தாள் வைத்திருந்த அறைக்கு வெளியே நின்ற தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை முறிந்து, ஜன்னல் மேல் விழுந்திருந்தது. இரண்டு மரக்கதவுகளும் கீலோடு பெயர்ந்து தரையில் கிடந்தன. மிச்சம் இருந்தது இரும்புக் கம்பிகளும் சட்டமும்தான்.

கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். சாரல் நேராக உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் முதல் வரிசைக் கட்டுகளின் துணி உறை நனைந்து நிறம் மாறிக்கொண்டிருந்தது. பாதிப் பிள்ளைகள் மைப்பேனாவில் எழுதியவர்கள். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கோ ஒரு பிள்ளை விடியற்காலையில் எழுந்து படித்த ஒரு வருஷம் என் கண் முன்னால் கரைந்து போகப் பார்த்தது.

முகாம் அலுவலரின் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லும்படி வாட்ச்மேனை எஸ்.டி.டி. பூத்துக்கு விரட்டினேன். லைன் செத்துவிட்டது என்று அவர் தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார். பூட்டை உடைத்துவிடலாம், பிறகு வருவது வரட்டும் என்று நான் வராந்தாவை நோக்கித் திரும்பினேன். வீரம் எல்லாம் இல்லை, பதற்றம்.

பி.டி. சார் என் முன்னால் வந்து நின்றார். "கதவாண்ட போகாதீங்க டீச்சர். சீலு ஒடைஞ்சா நாளைக்கு உள்ள இருக்கிற தாளு அத்தினிக்கும் சந்தேகம் வந்துடும். பசங்களுக்குத்தான் பேஜாரு. வெளியில இருந்தே அடைச்சிடலாம்" என்றார்.

நான் நனைகிற தாள்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் மறுநாள் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று யோசித்திருக்கிறார். அந்த மழையில் அது எனக்கு உறைத்தது.

எதைக் கொண்டு அடைப்பது? பெயர்ந்த கதவுகள் சிலாம்பு சிலாம்பாகப் பிளந்து கிடந்தன. வகுப்பறைகள் எல்லாம் பூட்டியிருந்தன. அந்தப் பள்ளியில் அப்போது எங்கள் கையில் இருந்த ஒரே சாவி விளையாட்டுச் சாமான் அறைச் சாவி. அது அவர் இடுப்பில் எப்போதும் தொங்கும். ஓடினார். முதலில் உயரம் தாண்ட வைக்கும் மூங்கிலைக் கொண்டுவந்து, கம்பிக்குள் விட்டு, பெஞ்சை உள்பக்கமாகத் தள்ளினார். பின்னால் வேறு பெஞ்சுகள் இடித்ததால் அரை முழத்துக்கு மேல் நகரவில்லை. சாரல் அங்கேயும் எட்டியது.

திரும்ப ஓடினார். இந்த முறை வந்தபோது இரண்டு கைகளிலும் ஒவ்வொரு கேரம் போர்டு இருந்தது.

ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் ஜன்னல் உயரத்துக்குச் சரியாக இருந்தது. வலைக்கயிற்றால் கம்பியோடு சேர்த்துக் கட்டினோம். நானும் வாட்ச்மேனும் தோளைக் கொடுத்து அழுத்திக்கொண்டோம். காற்று ஒரு தள்ளுத் தள்ளியதும் போர்டு இரண்டும் திறந்து மூடித் தண்ணீரை உள்ளே வாரி இறைத்தன. ஆணி அடிக்க வேண்டும் என்றார் பி.டி. சார். நான் அவசரமாக, போர்டின் ஓரத்துச் சட்டத்திலேயே அடித்துவிடுங்கள், நடுப்பலகை தப்பிக்கும் என்றேன். அவர் கையால் தடவிப் பார்த்தார். போர்டு ஜன்னலைவிட அகலம். அதன் ஓரங்கள் சிமெண்டுச் சுவர் மேல் போய் உட்கார்ந்தன. அங்கே ஆணி இறங்காது. ஜன்னலின் மரச்சட்டம் இருந்தது போர்டுக்கு உள்ளே, நான்கு விரல் தள்ளி, பிள்ளைகள் காய் அடித்து ஆடுகிற வழவழப்பான இடத்துக்கு நேர் பின்னால்.

பல வருஷம் கழித்து, விழுப்புரத்தில் ஒரு புயல் என் வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பிய்த்தபோது, கட்டில் பலகையை வைத்து நானே ஆணி அடித்தேன். பின்னால் மரம் எங்கே என்று முதலில் விரலால் தேடினேன். பக்கத்து வீட்டம்மா எங்கே கற்றீர்கள் என்று அதிசயப்பட்டார். பள்ளிக்கூடத்தில் என்றேன்.

அன்றைக்கு, போர்டின் ஆடுகிற முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கலாமே, மழையாவது படாது என்று நான் இன்னொரு யோசனையும் சொன்னேன். ஓர விளிம்பு இடித்து இடுக்கு விழும், தண்ணீர் போகும் என்று அதையும் வேண்டாம் என்றார். ஓட்டப் பாதைக்கு நூல் பிடிக்க வைத்திருந்த நாலு அங்குல ஆணிகள் அவர் பையில் இருந்தன. சுத்தியல் இல்லை. குண்டு எறிதலுக்கான சின்ன இரும்புக் குண்டை எடுத்தார்.

முதல் ஆணியைப் பலகையில் வைத்தவர் ஒரு கணம் நின்றார். துண்டை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தார். கொட்டுகிற மழையில் துடைத்து என்ன பயன்? ஆனாலும் துடைத்தார். பிறகு ஓங்கி அடித்தார். போர்டுக்கு நாலு, மொத்தம் எட்டு ஆணி. எட்டும் கோணாமல் இறங்கின. போர்டுகளின் மூலைக் குழிகளில் டென்னிஸ் பந்துகளையும் என் கர்ச்சீப்பையும் திணித்தோம். அதன் பிறகு ஒரு சொட்டு உள்ளே போகவில்லை.

மறுநாள் காலை முகாம் அலுவலர் வந்தார். அரக்கு அப்படியே இருந்ததைப் பார்த்து மூச்சு விட்டார். உள்ளே நாலு கட்டுகளின் உறை மட்டும் ஈரம், தாள் காய்ந்தே இருந்தது. எல்லாம் பார்த்து முடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, அரசுக் கட்டடத்து ஜன்னலில் ஆணி அடிக்க யார் அனுமதி கொடுத்தது என்பது. பி.டி. சாரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த விளக்கத்தை நானே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம். கேரம் போர்டுகள் எப்படி வந்தன, அவற்றுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு பத்தி முழுக்க எழுதினேன், புதிதாக வாங்கித் தரும்படியும் கேட்டேன். முகாம் அலுவலர் அந்தப் பத்தியில் விரலை வைத்து, இருப்புப் பதிவேட்டில் கேரம் போர்டே இல்லையே, இல்லாத பொருளை எப்படிப் பயன்படுத்தினீர்கள், எடுத்துவிடுங்கள் என்றார். உண்மைதான், மண்டிக்காரர் கொடுத்ததை யாரும் பதிவேட்டில் ஏற்றியிருக்கவில்லை. நான் வாதாட வாயைத் திறந்தேன். பி.டி. சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"கெடைச்ச பலகையால அடைச்சோம்னு எழுதிடுங்க டீச்சர். பலகைதானே."

டிபன் கேரியரை வைத்ததற்கே துடைத்தவர் சொன்ன வார்த்தை இது. எழுதினேன். அவர் கீழே கையெழுத்துப் போட்டார்.

தச்சர் வந்து புதுக் கதவு மாட்டப் பத்து நாளுக்கு மேல் ஆனது. அதுவரை போர்டுகள் வெயிலிலும் இன்னும் இரண்டு மழையிலும் அங்கேயே நின்றன. அவற்றை வேறு யாரையும் தொட விடவில்லை, ஆணிகளைப் பி.டி. சாரே ஒவ்வொன்றாக அசைத்து அசைத்துப் பிடுங்கினார். ஜூனில் பள்ளி திறந்தபோது பார்த்தேன். ஓட்டைகளில் மெழுகும் மரத்தூளும் கலந்து அடைத்து, உப்பிய இடங்களைத் தேய்த்து வைத்திருந்தார். காய் அங்கே போனால் துள்ளி வேறு பக்கம் ஓடியது. பிள்ளைகள் அதற்கும் சட்டம் போட்டுக்கொண்டார்கள், ஆணிக்குழியில் துள்ளினால் மறு ஆட்டம் என்று.

அந்த வாரம் வழக்கம்போல நேர அட்டவணையைச் சுவரில் மாட்டினேன். வழக்கம்போல என்றுதான் சொல்ல வேண்டும். பழக்க தோஷத்தில் பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடைப் பென்சிலில்தான் எழுதியிருந்தேன். இவ்வளவு நடந்த பிறகும் கை அதைத்தான் செய்தது. அவர் வந்து அட்டவணை முன்னால் நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"டீச்சர், செவ்வாக்கெழமை பீரியடு உங்களுக்கு எந்தெந்த வாரம் வேணும்னு முன்னாடியே சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும். பொண்ணுங்க போர்டைத் தொடைச்சி வெச்சிக்கினு காத்துக்கினு இருக்குதுங்க. அப்பறம் இல்லன்னா மொகம் வாடிப்போவுது."

குறை சொல்லும் குரல் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார். எத்தனை வருஷமாக அந்தப் பென்சில் எழுத்தைப் படித்துவந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண் கலங்கியது. மறைக்கப் பேனாவைத் தேடுவதுபோலக் கைப்பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். பேனா கிடைத்தது. நாற்காலியில் ஏறி நின்று, பென்சில் எழுத்தின் மேலேயே மையால் எழுதினேன். அவர் நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. போர்ஷன் அப்போதே ஒரு பாடம் பின்தங்கியிருந்தது. ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே விசில் கேட்டது, பிறகு பலகையில் காய் மோதுகிற சத்தம், நடுநடுவே ஆணிக்குழி ஆணிக்குழி என்று பிள்ளைகள் கூச்சல். பீரியட் முடிகிற வரை எழுந்து போகவில்லை.