வெள்ளைப் பட்டில் மஞ்சள்

பேய், ஆவி, சாமி வருவது ஒன்றையும் நான் நம்புகிறவள் இல்லை. இப்போதும் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, சிரிக்கத்தான் போகிறீர்கள். சிரியுங்கள். எனக்கு நடந்தது நடந்ததுதான்.

தொண்ணூற்றாறு மாரிகாலம். ரொறன்ரோ நகரத்துக்குள் பழைய துணிகளைப் பழுதுபார்க்கும் ஒரு சின்ன இடத்தில் வேலை. முதலாளி ஹெலன். என்னை அங்கே சேர்த்துவிட்ட பவானி அக்கா பக்கத்து மேசை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்த வேலையைப் பிடித்திருந்தது ஊரில் தனியே கிடந்த அம்மாவுக்காக. அவரை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிட நிரந்தர வேலை வேண்டும்.

அப்போது வந்தது ஒரு கிரேஸி குவில்ட். நூறு வருடத்துக்கு மேல் பழையது. வெல்வெட், பட்டு, கழுத்தில் கட்டும் ரைத் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் கோணல்மாணலாக ஒட்டுப்போட்ட போர்வை, ஒவ்வொரு மூட்டுக்கு மேலும் பூவேலை. சிலந்தி வலை, விசிறி, ஒரு குழந்தையின் உள்ளங்கை, எல்லாம் நூலில். நான் எதையும் லேசில் மெச்சுகிறவள் இல்லை, அதைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன். தைத்தவள் கைகாரி. பட்டு தொட்டாலே உதிர்ந்தது. அதற்கு மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலையை விரித்து, மயிர் போன்ற நூலால் பிடிக்க வேண்டும். கழுவக்கூடாது, புதிதாக ஒன்றும் சேர்க்கக்கூடாது. நான் முடித்தபோது நேற்றுத் தைத்தது போலக் கிடந்தது.

அன்றைக்கு வெளியே பனி கொட்டியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், ஓரத்து வெள்ளைப் பட்டில் மஞ்சள் பொட்டு. வலைக்கு மேலே இல்லை, அடியில். என் தையல் ஒன்றும் அறுந்திருக்கவில்லை. குனிந்து மணந்தேன். அப்போதுதான் உரைத்த மஞ்சள்.

ஹெலன் பார்த்துவிட்டுக் கத்தினாள். பவானி அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. எங்கள் ஆட்கள் புது உடுப்பைப் போடமுன்னம் மூலையில் மஞ்சள் வைப்பார்கள், நல்லதுக்குத்தான் என்று அவளுக்கு இங்கிலீஷில் விளக்கம் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏனடி வைச்சனி? உது என்ன தீபாவளிச் சட்டையே?"

"நான் வைக்கேல்லை அக்கா! என்ர வீட்டிலை இருக்கிறது கறிக்குப் போடுற தூள். உரைக்கிற மஞ்சளுக்கு எங்கை போக?"

"அப்ப ஹெலனே வைச்சவ?"

கறையை எடுக்க ஹெலன் வலையை நீக்கி, ஓரத்து மூட்டைப் பிரித்தாள். தைத்தவள் போட்ட முடிச்சு, யாரும் தொடாதது. உள்ளே மடிந்திருந்த பட்டிலும் மஞ்சள். பொட்டு அங்கேதான் தொடங்கி வெளியே இழுபட்டிருந்தது. அவள் முகம் வெளுத்தது. மன்னிப்புக் கேட்டாளா? வீட்டுக்குப் போ என்றாள். அடுத்த நாள், இனி வரவேண்டாம் என்று போன். அம்மாவைக் கூப்பிடும் அலுவலும் அதோடு முடிந்தது.

அடுத்த வருடம் அம்மா வவுனியாவில் ஒரு கடையிலிருந்து போன் எடுத்தார். வேலை போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். போர்வையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. நம்பினால் நம்புங்கள்.

"பிள்ளை, போன மாரிக்கை ஒருநாள் கண் அயந்து போனன். கனவிலை நீ பெரிய போர்வையொண்டு தைச்சுக்கொண்டிருக்கிறாய். புதுசெண்டு நினைச்சு மஞ்சள் வைச்சுவிட்டன், உனக்கு நல்லது நடக்கட்டுமெண்டு."

கனவில் நான் தனியாகவா இருந்தேன் என்று கேட்டேன்.

"பக்கத்திலை ஒரு வெள்ளைக்கார மனுசி, அந்தக் காலத்து நீளச் சட்டை, வாயிலை ஊசி. அவதான் துணியை உயர்த்திப் பிடிச்சு, உள்ளுக்கையும் வையெண்டு கையைக் காட்டினவ. வலு சந்தோசமாச் சிரிச்சவ."

அம்மா கடைசிவரை இங்கே வரவில்லை. அந்த வேலை எதனால் போனது என்று நான் அவருக்குச் சொல்லவும் இல்லை. அந்த மனுசி எதற்குச் சிரித்தாள்?