சீட்டில் எழுதியபடி பத்து மாதம்

611. தொள்ளாயிரத்துக்கு வாங்கிய இந்த மதிப்பெண்ணை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பொய்ப்பல் செய்பவர் ஒரு கடைவாய்ப்பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தேய்ப்பார், ஊதுவார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். உள்ளே யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்ப்பார். வந்தவர் சிரித்துவிட்டால் தீர்ந்தது. எது பிறவியில் வந்தது, எது பிறகு வாங்கியது என்று அந்த ஒரு சிரிப்பிலேயே பிரித்துவிடுவார்.

எட்டுக்குப் பத்து அறை. ஒரு மின்சார உலை, ஒரு மேஜை, இரண்டு முக்காலிகள். அலமாரி நிறைய, முன்பின் தெரியாத மனிதர்களின் வாய் அச்சுகள் பிளாஸ்டரில் இளித்துக்கொண்டிருக்கின்றன. ஏழு பல் மருத்துவர்கள் இவருக்கு வேலை தருகிறார்கள். மருத்துவமனை உதவியாளர்களுக்கு இவர் ‘செட்டு’. எதிரில் இருக்கும்போது மட்டும் ‘செட்டண்ணே’.

இவருடைய மதம் சீட்டு. ஒவ்வொரு அச்சோடும் மருத்துவர் ஒரு சீட்டு எழுதி அனுப்புவார்: எந்தப் பல், என்ன நிறம், எந்த நாள். சீட்டில் இருப்பதற்கு மேல் ஒரு மயிரிழை செய்யமாட்டார், ஒரு மயிரிழை குறைக்கவும் மாட்டார். ஒருமுறை எழுபத்துநான்கு வயதுக்காரருக்கு இருபது வயது வெண்மையைத் தவறுதலாக எழுதி அனுப்பிவிட்டார்கள். அச்சைப் பார்த்தாலே கிழவருடைய வாய் என்று இவருக்குத் தெரியும். ஆனாலும் செய்தார். பெரியவர் வாயைத் திறந்தால் டியூப்லைட் போட்டது போல இருந்தது. மருத்துவர் போனில் கத்தினார். இவர் அமைதியாகச் சீட்டை எடுத்து, எண்ணோடு தேதியோடு வாசித்துக் காட்டினார். தவறு செய்யாதவர் என்ற பெயர் இப்படித்தான் கிடைத்தது.

உலை கடனில் வாங்கியது. இரண்டு வருடம் தவணை தவறவில்லை; கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே கட்டிவிடுவார். பிறகு அந்த வாடகை அறையில், சொந்தமாகச் சிந்திய பிளாஸ்டர் தண்ணீரில், சொந்தமாகவே வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. மூன்று மாதம் கட்டு. வங்கிக்குப் போன் செய்தார். எதிர்முனையில் தேன் ஒழுகியது. கவலையே வேண்டாம், பத்து மாதத்துக்குப் பாதித் தவணை கட்டினால் போதும், மீதியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கடிதமும் வந்தது.

அந்தக் கடிதத்துக்கு லேமினேஷன் போட்டு உலைக்கு மேலே மாட்டியவர் ஊரிலேயே இவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். அச்சு கொண்டுவருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். “நம்ம யோக்கியதை தெரிஞ்சுதான் அவங்களே குறைச்சிருக்காங்க” என்பார். முழுத் தவணை கட்டிக்கொண்டிருந்த அப்பாவிகள் பொறாமையோடு படித்துவிட்டுப் போனார்கள்.

நான்காவது மாதமே கை சரியாகிவிட்டது. வேலையும் வந்தது, பணமும் வந்தது. மருத்துவமனைப் பதிவுக் கவுன்டரில் நாள் முழுக்க வரிசையை அதட்டும் மனைவி, சாதாரணமாகக் கேட்டார்:

“காசுதான் வருதே. முழுசா கட்டித் தொலைங்களேன்.”

“பத்து மாசம் பாதின்னு எழுதியிருக்கு. நம்ம இஷ்டத்துக்கு மாத்தினா அதுக்குப் பேரு ஒப்பந்தமா?”

ஆகவே பத்து மாதமும் பாதியே கட்டினார், அதையும் இரண்டு நாள் முன்பாக. மீதிப் பாதியை வீட்டில் வைத்தால் செலவாகிவிடும் என்று அதே வங்கியில் சேமிப்புக் கணக்கில் போட்டுவைத்தார். ஒரு கவுன்டரில் பாதியைக் கட்டிவிட்டு, இரண்டு கவுன்டர் தள்ளிப் போய் மறுபாதியைப் போட்டுவிட்டு வருவார். பத்தாம் மாதம் முடிந்த மறுநாள், சேர்ந்திருந்ததை மொத்தமாக எடுத்து, முதல் மூன்று மாதக் குறைக்கும் கையிலிருந்து போட்டு, கடனில் கட்டினார். பாக்கி ஒரு காசு இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனார்.

இந்த மாதம் ஐந்தாம் தேதி அறையின் சொந்தக்காரர் வந்தார். அறையை விற்கப்போகிறாராம். பழச்சாறு கடைக்காரர் ஒருவர் முன்பணத்தோடு நிற்கிறாராம். பழகின தோஷத்துக்கு, இவரே வாங்கிக்கொள்வதானால் முப்பதாம் தேதி வரை அவகாசம். உலைக்குத் தனி மின் இணைப்பு வேண்டும். வேறு இடம் பார்த்து இணைப்பு வாங்க இரண்டு மாதமாவது ஆகும். அதுவரை ஏழு மருத்துவர்களும் பல்லுக்காகக் காத்திருப்பார்கள் என்று நம்ப இவரே தயாராக இல்லை.

அறையை வாங்கக் கடன் கேட்டு, கவலைப்படாமல் வங்கிக்குப் போனார், கடிதத்தையும் சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு. கடன் பிரிவு அதிகாரி, வயதில் இவர் மகள் மாதிரி இருக்கும் பெண், கணினியைப் பார்த்தார். இவர் வழக்கம்போல அவருடைய பல்லைப் பார்த்தார். எல்லாம் சொந்தம். அந்த வரிசையிலிருந்துதான் 611 என்ற கடன் மதிப்பெண் வெளியே வந்தது. எழுநூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் விண்ணப்பமே எடுக்கமாட்டார்களாம்.

கணினியில் பத்து மாதத்துக்கும் பத்து வரி இருந்தது. ஒவ்வொன்றிலும் ‘பகுதி மட்டும் செலுத்தப்பட்டது’. இவர் கடிதத்தை மேஜைமேல் வைத்தார். அந்தப் பெண் அதை முழுவதும் படித்தார். வங்கி ஆள் அனுப்பாது, வழக்குப் போடாது, அபராதம் கேட்காது என்பதற்குத்தான் அந்தக் கடிதம் என்று விளக்கினார். கடன் வரலாற்றில் எப்படிப் பதிவாகும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை, இவரும் கேட்கவில்லை.

“நீங்க குடுத்த வாக்கைக் காப்பாத்தியிருக்கீங்க சார். ஆனா ரெண்டாவதா குடுத்ததை. பதிவுல முதல் வாக்குதான் கணக்கு.”

“பாக்கியெல்லாம் கட்டிட்டேனே மேடம்.”

“கட்டினதும் ஏறியிருக்கு. பழைய வரி அழியாது, சில வருஷம் இருக்கும். நாலாவது மாசமே முழுசா கட்டியிருந்தா நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம்? மூணு வரியோட போயிருக்கும்.”

“சீட்டுல பத்துன்னு இருந்துச்சே” என்றார் இவர். அந்தப் பெண்ணுக்குச் சீட்டு என்றால் புரியவில்லை.

வீட்டில் மனைவி திட்டவில்லை. ஸ்கூட்டர் கடனுக்குத் தன் பெயரில் ஏதோ கணக்கு இருக்குமே, அந்தக் காகிதங்களைத் தேடலாம் என்று மட்டும் சொன்னார். தேடினார்கள். பிரிட்ஜின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த கவர்களில், இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒன்று பிரிக்காமலே கிடந்தது. ஸ்கூட்டர் கடன் கொடுத்த நிறுவனம் அவருக்கும் பாதித் தவணைச் சலுகை எழுதியிருந்தது. அம்மையார் அந்த மாதிரிக் கவர்களைப் பிரிப்பதே இல்லை. சம்பளத்திலிருந்து தவணை தானாகப் போய்க்கொண்டிருந்தது, முழுசாக. அவருடைய மதிப்பெண் 802.

விவேகம் என்று சொல்ல அவரே ஒப்புக்கொள்ளவில்லை. “எனக்கு எங்க நேரம், அதையெல்லாம் உக்காந்து படிக்க?” என்றார். குடும்பத்தில் ஒருவர் படிக்காமல் இருந்ததுதான் காப்பாற்றியிருக்கிறது.

மனைவி பெயரிலேயே அறையை வாங்குவது என்று முடிவாயிற்று. அவர் சம்பளம் மட்டும் கடனுக்குப் போதாது. அறையிலிருந்து வாடகை வரும் என்று ஒப்பந்தம் காட்டினால் போதும் என்று அதே பெண் அதிகாரி வழி சொன்னார். நேற்று மாலை இருவரும் தெருமுனைத் தட்டச்சுக் கடையில் உட்கார்ந்திருந்தார்கள். வாடகைக்கு வருகிறவர் உங்களுக்கு என்ன உறவு என்று தட்டச்சுக்காரர் அந்த அம்மாவைக் கேட்டார்.

“புருஷன்.”

தட்டச்சுக்காரர் தலை நிமிராமல் அடித்தார். வாடகையை இவர்கள் அங்கேயே பேரம் பேசினார்கள். மனைவி சொன்னதே நின்றது.

ஒப்பந்தம் எல்லாருக்கும் போடும் அதே அச்சடித்த மாதிரிதான். பொய்ப்பல் செய்பவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை மூக்குக்கு அருகில் பிடித்து, வரி வரியாகப் படித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஏழாவது பிரிவு, தொழில் மந்தமான மாதங்களில் இரு தரப்பும் சம்மதித்தால் வாடகையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றது. தட்டச்சுக்காரரிடம் பேனா கேட்டு வாங்கினார். அந்தப் பிரிவின் மேல் ஒரு கோடு போட்டார். போதாது என்று தோன்றியதோ என்னவோ, எழுத்தே தெரியாதபடி மேலும் கீழுமாக அடித்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, தாளை மனைவி பக்கம் தள்ளினார்.

திங்கட்கிழமை வங்கியில் கையெழுத்து. ஒன்றாம் தேதியிலிருந்து வாடகை.